சென்னைக்கு அடுத்து வர்ற லோக்கல், கதவு மூடுற சாதா வண்டியா இருக்கட்டும்

ரயில்வே வாரியத்துல இருக்கற அதிகாரிகளுக்கும், தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும், பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில வண்டி டிசைன் பண்ற இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

சென்னைக்கு அடுத்து எந்த மாதிரி எலக்ட்ரிக் ட்ரெயின் தரப்போறீங்க, எத்தன ரேக் (பெட்டியெல்லாம் சேத்து ஒரு முழு வண்டி) தரப்போறீங்க, எந்த லைனுக்கு தரப்போறீங்கங்கறத பத்தி தான் இந்த மடல். சுத்தி வளைக்காம மொதல்லயே சொல்லிடறேன். ஏசி வண்டி வேணாம்னு சொல்ல வரல. ஆனா அடுத்து சென்னைக்குன்னு ஒதுக்கற வண்டி அஞ்சு ரூபா டிக்கெட் எடுத்து ஏறற ஆளுக்கான வண்டியா இருக்கணும். ஏசி இல்லாத வண்டி, ஆனா கதவு தானா மூடுற வண்டி, 12 பெட்டி, உள்ள காத்து வர்ற வண்டி. கேக்கறது இது ஒன்னு தான், கீழ இருக்கறதெல்லாம் ஏன் கேக்கறோம்ங்கறதுக்கு.

2025 ஏப்ரல் 19ஆம் தேதி பீச் - செங்கல்பட்டு லைன்ல முதல் ஏசி லோக்கல் ஓட ஆரம்பிச்சப்போ எல்லாருக்கும் சந்தோஷம் தான். நம்ம ஊர்லயே ஐசிஎஃப்ல செஞ்ச வண்டி, 12 பெட்டி, 1,116 பேர் உக்காரலாம், நிக்கறவங்கள சேத்தா 4,914 பேர்னு கணக்கு சொன்னாங்க, ஸ்டேஷன் வந்தா தானா திறந்து தானா மூடுற கதவு, அடுத்த ஸ்டேஷன் பேர் சொல்ற அறிவிப்பு. மே மாச வெயில்ல கிண்டில நின்னு அதுல ஏறுனவங்க யாரும் அத குறை சொல்ல மாட்டாங்க. பயணிங்க கருத்து கேட்டு ரெண்டே வாரத்துல டைமிங்கையும் மாத்துனீங்க, அது நல்ல விஷயம், அதனால தான் இத எழுதுனா படிப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை.

ஆனா டிக்கெட்ட பாருங்க. ஏசி லோக்கல்ல குறைஞ்சபட்சம் 35 ரூபா, கடைசி வரைக்கும் போனா 105 ரூபா. சாதா லோக்கல்ல குறைஞ்சபட்சம் 5 ரூபா. ஏழு மடங்கு. மாம்பலத்துல இறங்கி ரங்கநாதன் தெருல ஜவுளி கடைல நிக்கற பொண்ணு, பல்லாவரத்துல இருந்து பார்க் ஸ்டேஷன் போய் ஆஸ்பத்திரில ஆயா வேலை பாக்கற அம்மா, சிங்கபெருமாள் கோயில்ல இருந்து கம்பெனி ஷிஃப்டுக்கு மறைமலைநகர் போற பையன், இவங்கள்லாம் ஒரு நாளைக்கு போக வர குறைஞ்சது எழுபது ரூபா குடுப்பாங்களா? அவங்க சம்பளத்துல அது ஒரு வேளை சாப்பாடு, சில வீட்ல ரெண்டு வேளை. அவங்க ஏசி வண்டி வந்தா பிளாட்பாரத்துலயே நின்னு அடுத்த வண்டிக்கு காத்திருக்காங்க. அடுத்த வண்டி வரும்போது ரெண்டு வண்டி கூட்டம் ஒரே வண்டில ஏறுது.

இத யாரும் வேணும்னு செய்யல, புரியுது. லைன்ல இடம் அவ்ளோ தான் இருக்கு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல சிக்னல் விடற இடைவெளின்னு ஒன்னு இருக்கு, பீக் ஹவர்ல அந்த இடைவெளில ஏசி ஓடுனா அதே இடத்துல சாதா வண்டி ஓட முடியாது. தாம்பரம் வரைக்குமாவது லோக்கலுக்குன்னு தனி ரெண்டு லைன் இருக்கு, தாம்பரம் தாண்டிட்டா இருக்கறது மூணே லைன், அதுல தான் பாண்டியனும் வைகையும் வந்தே பாரத்தும் சரக்கு வண்டியும் நம்ம லோக்கலும். நாலாவது லைன் வர்ற வரைக்கும் புது சர்வீஸ்னு சேக்கறது கஷ்டம், இருக்கறத எடுத்துட்டு வேற போடறது தான் நடக்கும். அதனால தான் எந்த வண்டி வாங்கறீங்கங்கற கேள்வி இவ்ளோ முக்கியமா இருக்கு.

மும்பைல இது ஏற்கனவே நடந்து முடிஞ்ச கதை. 2017 கிறிஸ்துமஸ் அன்னிக்கு போரிவிலி - சர்ச்கேட் நடுவுல முதல் ஏசி லோக்கல் ஓடுச்சு, அதுவும் பெரம்பூர்ல செஞ்சது தான். குறைஞ்சபட்ச டிக்கெட் 65 ரூபான்னு இருந்த வரைக்கும் கூட்டமே ஏறல. 2022 மே 5ல இருந்து ஒத்தை பயண டிக்கெட்ட பாதியா குறைச்சு, 65 இருந்த இடத்துல 30ன்னு ஆக்குனதுக்கு அப்புறம் தான் ஜனங்க ஏற ஆரம்பிச்சாங்க. அதோட முடிஞ்சுதா? அதே வருஷம் ஆகஸ்ட்ல பத்லாப்பூர், கல்வா பக்கம் பயணிங்க ஸ்டேஷன்லயே போராட்டத்துல இறங்குனாங்க, எங்க சாதா வண்டிய எடுத்துட்டு ஏசி போடாதீங்கன்னு. சென்ட்ரல் ரயில்வே புதுசா போட்ட 10 ஏசி சர்வீஸ வாபஸ் வாங்குச்சு. டிக்கெட்ட குறைச்சும் இந்த கதின்னா, குறைக்காத ஊர்ல ஏசி ரேக்கா சேத்துட்டே போனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. சென்னைல ஜனங்க போராட மாட்டாங்க, சத்தம் போடாம பைக் வாங்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டுக்கு போயிடுவாங்க. அந்த ரோடு ஏற்கனவே எப்படி இருக்குன்னு பெருங்களத்தூர்ல சாயங்காலம் ஏழு மணிக்கு நின்னு பாத்தா தெரியும்.

இப்போ கதவுக்கு வர்றேன், எனக்கு இதுல மனசு அடங்கவே மாட்டேங்குது.

2018 ஜூலை 24. காலைல பீச்சுல இருந்து திருமால்பூர் போன லோக்கல். கோடம்பாக்கம் பக்கம் ஓவர்ஹெட் வயர்ல பிரச்சனைன்னு லோக்கல் வண்டிங்கள எக்ஸ்பிரஸ் லைன்ல மாத்தி விட்டாங்க. ஏற்கனவே சில வண்டி ஓடாததுனால ஒரே வண்டில தாங்க முடியாத கூட்டம், ஃபுட்போர்டுல கொத்து கொத்தா தொங்கிட்டு வந்தாங்க. வழக்கமா லோக்கல் போற லைன்ல பக்கவாட்டுல இடம் இருக்கும், அந்த எக்ஸ்பிரஸ் லைன்ல பரங்கிமலை ஸ்டேஷன் கிட்ட ஓரத்துல கான்கிரீட் சுவர். அது அவ்ளோ பக்கத்துல வரும்னு தொங்கிட்டு வந்தவங்களுக்கு எப்படி தெரியும்? அதுல அடிபட்டு 5 பேர் செத்துப்போனாங்க. பல பேருக்கு பலத்த அடி. வேலைக்கு, காலேஜுக்குன்னு கிளம்புன சின்ன பசங்க.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? ஃபுட்போர்டுல தொங்காதீங்கன்னு மைக்ல சொன்னாங்க, ரயில்வே பாதுகாப்பு படை (ஆர்பிஎஃப்) பிடிச்சு ஃபைன் போட்டாங்க. அந்த சுவர பத்தி பேசுனாங்க. வண்டிய பத்தி பேசல. கதவு திறந்தே ஓடற வண்டில, கூட்டம் உள்ள கொள்ளாதப்போ, லேட்டா போனா அரை நாள் சம்பளம் போயிடும்ங்கற ஆளு என்ன பண்ணுவான்? தொங்குவான். அது அவன் திமிர்னு சொல்லி முடிச்சிடறது ரொம்ப தப்பு. ஸ்டைல் காட்டறதுக்காக காத்தாட நிக்கற பசங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல, காலி வண்டிலயே தொங்குவாங்க. அவங்களையும் காப்பாத்தறது கதவு தான், மைக் இல்ல.

2025 ஜூன் 9ஆம் தேதி மும்பை பக்கத்துல மும்ப்ராலயும் இதே தான். வளைவுல எதிரெதிரா ரெண்டு லோக்கல் கடந்து போகும்போது, ரெண்டு பக்கமும் வாசல்ல தொங்கிட்டு இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் உரசி கீழ விழுந்தாங்க. அன்னிக்கே 4 பேர் இறந்துட்டாங்க. அப்போ தான் நீங்க ஒரு நல்ல முடிவு எடுத்தீங்க. ஏசி இல்லாத லோக்கலுக்கும் தானா மூடுற கதவு போடறோம், காத்துக்கு கதவுலயே சாய்வு பட்டை வச்சு ஓட்டை விடறோம், கூரை மேல வெளிக்காத்த உள்ள இழுக்கற யூனிட் வைக்கறோம், ஒரு பெட்டில இருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து போற மாதிரி வழி விடறோம், அதனால கூட்டம் பரவலாகும்னு சொன்னீங்க. அமைச்சரே ஐசிஎஃப் ஆளுங்களோட உக்காந்து பேசி முடிவு பண்ணுனதுன்னு செய்தி வந்துச்சு. 2025 நவம்பருக்குள்ள முதல் வண்டி, 2026 ஜனவரில ஓட விடறதுன்னு தேதியும் குடுத்தீங்க.

அந்த அறிவிப்பு மும்பைக்குன்னு தான் இருந்துச்சு. படிச்சப்போ சந்தோஷமும் வந்துச்சு, ஒரு ஆதங்கமும் வந்துச்சு. அந்த வண்டிய டிசைன் பண்றது பெரம்பூர்ல. ஐசிஎஃப்போட மதில் ஓரமாவே தினமும் ஆவடி லோக்கலும் அரக்கோணம் லோக்கலும் கதவு திறந்தபடி ஆளுங்கள தொங்கவிட்டுட்டு போகுது. வில்லிவாக்கம் ஸ்டேஷன்ல நின்னு பாத்தாலே தெரியும். மும்பைக்கு மொதல்ல குடுங்க, அங்க கூட்டமும் அதிகம் சாவும் அதிகம், அதுல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா ரெண்டாவது யாருக்குங்கற லிஸ்ட்ல சென்னை பேர் எழுத்துல இருக்கணும். மும்ப்ராவுக்கு ஏழு வருஷம் முன்னாடியே பரங்கிமலைல இதே பாடத்த நாங்க படிச்சுட்டோம்.

டிசைன் பண்றவங்க கிட்ட கொஞ்சம் நேரா பேசணும். இந்த வண்டி சுலபம் இல்லைன்னு தெரியும். ஏசி வண்டில கதவ மூடலாம், உள்ள குளிர் காத்து ஓடுது. ஏசி இல்லாத பெட்டில கதவ மூடிட்டா அஞ்சு நிமிஷத்துல மூச்சு முட்டும், அதுவும் சென்னை காத்துல எப்பவும் ஈரம், வேர்வை காயவே காயாது. மும்பைக்கு சரியா இருக்கற காத்து அளவு எங்களுக்கு போதுமான்னு மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, வண்டி சிக்னல்ல நிக்கும்போது, பெட்டி நிறைய ஆள் ஏத்திட்டு அளந்து பாருங்க. ஓடும்போது எல்லா வண்டிலயும் காத்து வரும். கோட்டை ஸ்டேஷனுக்கும் பீச்சுக்கும் நடுவுல வண்டி நிக்குதுல்ல, அங்க தான் பரீட்சை. அதே மாதிரி ஐப்பசி கார்த்திகைல மழை நேரா பெய்யாது, சாஞ்சு அடிக்கும். கதவுல விடற அந்த சாய்வு பட்டை வழியா தண்ணி உள்ள வந்தா தரை வழுக்கும், வாசல்கிட்ட தான் எல்லாரும் நிக்கறது.

கரண்ட் போயிட்டா என்ன? வர்தா புயல் பாத்த ஊர் இது. ஓவர்ஹெட் சப்ளை போயி நடு வழில வண்டி நின்னா, பேட்டரில அந்த காத்து யூனிட் எவ்ளோ நேரம் ஓடும், கதவ யாரு திறப்பாங்க, உள்ள இருக்கறவங்களே இழுத்து திறக்கற கைப்பிடி எங்க இருக்கும், அது தமிழ்ல எழுதியிருக்குமா, இருட்டுல தெரியுமா. இதெல்லாம் வண்டி ஓட விட்டதுக்கு அப்புறம் யோசிக்கற விஷயம் இல்ல. ஸ்பெக் எழுதும்போதே எழுதணும்.

பெட்டி விட்டு பெட்டி போற வழிய பத்தியும் ஒரு வார்த்த. பொது பெட்டிங்களுக்கு அது ரொம்ப நல்லது, ஏன்னா சென்னைல படிக்கட்டுக்கு பக்கத்துல நிக்கற பெட்டில மட்டும் நெரிசல், கடைசி பெட்டி கொஞ்சம் காலியா ஓடும். ஆனா லேடீஸ் பெட்டிய என்ன பண்ணப்போறீங்க? ராத்திரி பத்து மணிக்கு தனியா செங்கல்பட்டு போற பொண்ணுக்கு அந்த பெட்டி தனியா இருக்கறது ஒரு தைரியம். அதே சமயம் ஆளே இல்லாத பெட்டில தனியா மாட்டிக்கிட்டா, பக்கத்து பெட்டிக்கு ஓட வழி இல்லாம இருக்கறதும் ஆபத்து தான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. இத டெல்லில உக்காந்து முடிவு பண்ணாதீங்க, தாம்பரம் ஸ்டேஷன்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற பொண்ணுங்க ஒரு அம்பது பேர் கிட்ட கேளுங்க, அவங்க சொல்றத செய்ங்க.

அப்புறம் வெண்டர் பெட்டி, கூடை மூட்டையோட வர்ற வியாபாரிங்களுக்கான பெட்டி. புது வண்டி வந்தா மொதல்ல காணாம போறது அது தான்னு ஒரு பயம் இருக்கு. காலைல முத வண்டிங்கள்ல கீரை கட்டு, பூ மூட்டை, மீன் கூடைன்னு எவ்ளோ பேர் ஏறறாங்க. கூடைய தலைல வச்சிருக்கற அம்மாவால ஒரு கையால கம்பிய பிடிச்சு தான் ஏற முடியும், அதுவும் பிளாட்பாரத்துக்கும் வண்டி தரைக்கும் நடுவுல ஒரு பெரிய எட்டு வைக்கணும். நம்ம ஊர் உயர பிளாட்பாரம்ங்கறதே 760ல இருந்து 840 மில்லிமீட்டர் தான், வண்டி தரை அதுக்கும் நல்லா மேல. ஒரு கையில கூடை, ஒரு கையில கம்பி, கால் பிளாட்பாரத்துல இருந்து அந்த உயரத்துக்கு போகணும், பின்னாடி இருக்கறவங்க தள்ளுறாங்க, இனிமே கதவு வேற மூட ஆரம்பிக்கும். அந்த கதவு எவ்ளோ நேரம் பொறுக்கும், இடைல கூடை மாட்டுனா திரும்ப திறக்குமா? மீன் கூடை ஏறற வாசலுக்கும் மத்த வாசலுக்கும் ஒரே நேரம் வச்சா சரிப்படாது.

கதவு மூடுனா ஸ்டேஷன்ல நிக்கற நேரம் கூடும்னு ஆபரேட்டிங் ஆளுங்க சொல்லுவாங்க. சரி தான், கொஞ்சம் கூடும். கதவு மூடி, மூடிடுச்சுன்னு கார்டுக்கு லைட் வந்து, அப்புறம் தான் வண்டி எடுக்க முடியும். பீச்ல இருந்து தாம்பரம் வரைக்கும் முப்பது கிலோமீட்டர் கூட இல்ல, அதுக்குள்ள 18 ஸ்டேஷன். ஒவ்வொன்னுலயும் பத்து செகண்ட் கூடுனா மொத்தமா மூணு நிமிஷம் போயிடும். ஆனா அந்த மூணு நிமிஷத்த வேற எடத்துல பிடிக்கலாம். பழைய டிசி மோட்டார் வண்டி எழும்பற வேகமும் புது த்ரீ ஃபேஸ் மோட்டார் வண்டி எழும்பற வேகமும் ஒன்னு இல்ல. பழசு முக்கி முனகி தான் வேகம் எடுக்கும், புதுசு ஸ்டேஷன விட்டு வெளிய வரும்போதே நல்ல வேகத்துல இருக்கும். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கற லைன்ல உச்ச வேகம் 110ங்கறதால பெருசா ஒன்னும் ஆகாது, எவ்ளோ சீக்கிரம் எழும்புது, எவ்ளோ சீக்கிரம் நிக்குதுங்கறது தான் நேரத்த தீர்மானிக்கும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி கரண்ட்ட ஓவர்ஹெட் வயருக்கே திருப்பி அனுப்புதுல்ல, நிமிஷத்துக்கு நிமிஷம் நின்னு கிளம்பற லோக்கலுக்கு தான் அதுல பெரிய லாபம். அதனால கதவுக்காக ஆர்டர் போடும்போது பழைய ரேக்குல கதவ மட்டும் ஒட்டவச்சு குடுக்காதீங்க, முழுசா புது த்ரீ ஃபேஸ் ரேக்கா குடுங்க.

இன்னொன்னு, மோட்டார் கோச்ல, அதாவது வண்டிய ஓட்டற மோட்டார் இருக்கற பெட்டில, டிரைவர் கேபினுக்கு பின்னாடி ஹைடென்ஷன் கரண்ட் சாமான் வைக்கறதுக்குன்னு ஒரு ரூம் இருக்கும், ஜனங்க நிக்க வேண்டிய இடத்த அது சாப்பிட்டுடும். இப்போ அந்த சாமான வண்டிக்கு அடியில தொங்கவிடற டிசைன் ஐசிஎஃப் கிட்டயே இருக்கு. 12 பெட்டில நாலு மோட்டார் கோச், நாலு ரூம் இடம் மிச்சம் ஆனா எத்தன பேர் கால் வைக்கலாம்! மழைக்காலத்துல தண்டவாளத்துல தண்ணி நிக்கற ஊர் இதுங்கறதையும் அப்போ ஞாபகம் வச்சுக்கணும், அடியில தொங்கற அந்த கரண்ட் சாமானுக்குள்ள தண்ணி போகாம அடைக்கணும்.

எத்தன ரேக்குங்கற கேள்விக்கு வர்றேன். மெட்ரோவ பாருங்க. சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டத்துக்கு டிரைவர் இல்லாத வண்டி வாங்கும்போது 2022ல ஆல்ஸ்டாம் கம்பெனிக்கு 78 பெட்டி, சுமார் 947 கோடின்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி வெளிய வந்துச்சு. 2024ல பெமல் கம்பெனிக்கு 210 பெட்டி, 3,600 கோடிக்கு மேல, பராமரிப்பும் சேத்து. எத்தன பெட்டி, எவ்ளோ காசு, யாரு செய்யறாங்கன்னு சாதாரண ஆளு பேப்பர்ல படிச்சு தெரிஞ்சுக்கலாம், லேட் ஆனா கேள்வி கேக்கலாம். லோக்கல் வண்டிக்கு அப்படி இல்ல. டெல்லில உற்பத்தி திட்டம் போடறீங்க, ஐசிஎஃப் செய்யுது, எந்த ஜோனுக்கு எத்தனங்கறது வண்டி கார்ஷெட்டுக்கு (லோக்கல் வண்டிங்கள நிறுத்தி பராமரிக்கற ஷெட்) வந்து நிக்கற அன்னிக்கு தான் ஜனங்களுக்கு தெரியுது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, வேளச்சேரி, செங்கல்பட்டுன்னு இவ்ளோ பெரிய நெட்வொர்க்குக்கு, இந்த வருஷம் எத்தன பழைய ரேக் ஓய்வு பெறுது, எத்தன புதுசு வருது, அதுல சாதா எத்தன ஏசி எத்தனங்கற ஒரு பக்க பேப்பர் வெளியிட முடியாதா?

டெண்டர்னு போனாலும் எல்லாம் சீக்கிரம் நடந்துடும்னு சொல்லல. மும்பைக்கு 238 ஏசி ரேக்குன்னு பல வருஷம் முன்னாடியே முடிவாச்சு, 47 ஒரு திட்டத்துல, 191 இன்னொரு திட்டத்துல. டெண்டர் போட்டு, நிறுத்தி, மாத்தி, 2025ல 2,856 பெட்டிக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. இத்தன வருஷத்துல அந்த ஊர்ல எத்தன பேர் தண்டவாளத்துல விழுந்திருப்பாங்க. சென்னைக்கு அந்த அளவு பெரிய ஆர்டர் தேவையே இல்ல. ஐசிஎஃப்ல இருக்கற உற்பத்தி லைன்லயே வருஷத்துக்கு இத்தன ரேக்குன்னு ஒரு தொடர் ஒதுக்கீடு போட்டா போதும். வந்தே பாரத் பெட்டிக்கு குடுக்கற கவனத்துல கொஞ்சம் லோக்கலுக்கும் குடுங்க. ஐசிஎஃப் 1955ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, 2018ல முதல் வந்தே பாரத்த உருவாக்கி காட்டுன ஃபேக்டரி, அங்க இருக்கற ஆளுங்களுக்கு செய்யற திறமை இருக்கு, என்ன செய்யணும்னு வாரியம் சொல்லணும் அவ்ளோ தான்.

பராமரிப்ப மறந்துடாதீங்க. கதவு மோட்டார், சென்சார், கூரை மேல காத்தாடி, இதெல்லாம் இப்போ இருக்கற சாதா ரேக்குல இல்லாத சாமான். ஆவடி, தாம்பரம் கார்ஷெட்ல இருக்கறவங்களுக்கு ட்ரெயினிங்கும் ஸ்பேரும் வண்டியோடவே வரணும். ஒரு கதவு ரிப்பேர்னு திறந்தே கட்டி வச்சு ஓட்ட ஆரம்பிச்சா, ஒரே வருஷத்துல எல்லா கதவும் திறந்தே ஓடும், போட்ட காசு அத்தனையும் வீண். ரிப்பேர் ஆன கதவோட வண்டி கார்ஷெட்ட விட்டு வெளிய வரக்கூடாதுன்னு விதியே போடுங்க, அதுக்கு தகுந்த மாதிரி உபரி ரேக் வச்சுக்கங்க.

ஏசிய பத்தி கடைசியா. இருக்கற ஏசி ரேக் நல்லா ஓடட்டும், இன்னும் கூட வரட்டும், நாலாவது லைன் வரும்போது புது சர்வீஸா சேருங்க, மும்பை மாதிரி டிக்கெட்ட குறைங்க. வேலைக்கு போற நடுத்தர ஜனங்க கார விட்டுட்டு அதுல ஏறுனா ஊருக்கே நல்லது. ஆனா ஓடிட்டு இருக்கற ஒரு சாதா சர்வீஸ எடுத்துட்டு அந்த டைம்ல ஏசிய போடற வேலை மட்டும் வேணாம். இந்த ஊரு 1931ல பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ்ல எலக்ட்ரிக் ட்ரெயின் விட்ட காலத்துல இருந்து அந்த தண்டவாளத்த ஒட்டி தான் வளந்துச்சு. குரோம்பேட்டையும் பல்லாவரமும் சானடோரியமும் இன்னிக்கு இப்படி இருக்கறதுக்கு, கம்மி காசுல சிட்டிக்குள்ள வேலைக்கு போயிட்டு வர முடிஞ்சது தான் காரணம். இப்போ வீட்டு வாடகை தாங்காம ஜனங்க கூடுவாஞ்சேரி, பொத்தேரின்னு இன்னும் தள்ளி போறாங்க, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும் 2023 டிசம்பர் கடைசில திறந்தாச்சு. தூரம் கூட கூட அந்த கம்மி காசு டிக்கெட் அவங்களுக்கு இன்னும் அவசியமாகுது.

முதல் கதவு ரேக் ரெடியானதும் ஒரு பெட்டிய பார்க் ஸ்டேஷன்லயோ தாம்பரத்துலயோ ஒரு வாரம் நிறுத்தி வைங்க. பூக்கூடைக்காரங்க, வீல்சேர்ல வர்றவங்க, கைக்குழந்தையோட வர்ற அம்மாங்க, ஃபுட்போர்டு பசங்க எல்லாரும் ஏறி இறங்கி பாக்கட்டும். கதவ மூடி பத்து நிமிஷம் உள்ள நிக்க வைங்க. என்ன சொல்றாங்கன்னு எழுதி வாங்குங்க. அத வச்சு மாத்த வேண்டியத மாத்திட்டு, எந்த மாசம் எந்த லைன்ல எத்தன வண்டின்னு தேதி போட்டு சொல்லுங்க, ஸ்டேஷன்ல டைம்டேபிள் ஒட்டற போர்டு பக்கத்துலயே ஒட்டுங்க.

இப்படிக்கு,
செங்கல்பட்டு லைன் சீசன் டிக்கெட் பயணி